தெருவுக்கே என் நம்பர்

என் கைபேசிக்கு வந்து விழும் ஓடிபிகளில் பாதி எனக்கானவை அல்ல. மேலவீட்டு மைனியின் கேஸ் சிலிண்டருக்கு ஒன்று வரும். கோடிவீட்டுப் பெரியவரின் பென்ஷனுக்கு ஒன்று. எதிர்வீட்டு அக்காவின் ஆஸ்பத்திரிக்கு ஒன்று. வந்ததும் வாசலில் போய் நின்று கத்துவேன். "மைனி, நாலு, ஏழு, ஒண்ணு" என்று நான் ஆரம்பித்தால், பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே மைனி அதைத் திருப்பிச் சொல்வாள். அவளுக்கு விளங்கவில்லையென்றால் அடுத்த வீடு சொல்லும். யாரிடமும் பகிர வேண்டாம் என்று அந்தச் செய்தியின் அடியில் எழுதியிருக்கும். எங்கள் தெருவில் அது ஏலம் மாதிரி கூவப்படும்.

முக்கூடலில் கைபேசி இல்லாத வீடு இல்லை. ஆனால் பீடி சுற்றுகிறவள் கையில் தூள் இருக்கும், போனைத் தொடமாட்டாள். ஆண்களின் போன் ஆண்களோடு திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விடும். பிள்ளைகளின் நம்பர் சலுகைக்குத் தக்கபடி மாறும். நான் இருப்புக்கொள்ளாத பிறவி. வேலையை மாற்றினேன், வீட்டை மாற்றினேன், ஒருகாலத்தில் புருஷனையும் வேண்டாமென்று விட்டு வந்தேன். மாற்றாமல் வைத்திருந்தது அந்த நம்பர் ஒன்றைத்தான். அதனால் எந்தக் கவுண்டரில் யார் கேட்டாலும் எங்கள் தெருப் பெண்கள் யோசிக்காமல் அதைச் சொன்னார்கள். கோயில் பெயரைச் சொல்வதுபோல மனப்பாடமாகச் சொன்னார்கள்.

எதிர்வீட்டு அக்காவும் நானும் ஒரே விஜயதசமியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவர்கள். தலைமையாசிரியர் எங்கள் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். அவள் தொட்டாள். நான் எம்பித் தொட்டேன். இருவருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பது ஊருக்குத் தெரியும்; சர்க்காருக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் ஒரே அம்மன் பெயர். இருவர் அப்பாவுக்கும் ஒரே முதலெழுத்து. வகுப்பில் அடையாளத்துக்காக அவளைப் பெரியவள் என்றார்கள், என்னைச் சின்னவள் என்றார்கள். இன்றுவரை அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அவளை வள்ளியூரில் கட்டிக்கொடுத்தார்கள். பின்னால் எனக்கு அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தபோது அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். இருவருக்கும் காய்ச்சல் வந்தால் ஒரே ஆஸ்பத்திரி. ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது அவள் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். காலில் ஆணி குத்தியதற்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏதோ ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு அடைத்து, மறுபடி வேறு ஊசி போட்டு மீட்டிருக்கிறார்கள். எந்த ஊசி என்று அவள் கேட்கவில்லை. செத்துப் பிழைத்தவள் பெயரையா கேட்பாள்? அவள் புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு முக்கூடலுக்கு வந்தபோது, அந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் பழைய பாயோடு எங்கேயோ போய்விட்டது.

போன வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். வலி வந்தால் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டதுபோல் குனிந்துவிடுவாள். ஆபரேஷன்தான் என்று முடிவாகி, திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே பளபளவென்று ஒரு பலகை. இனி ஃபைலைச் சுமக்க வேண்டாம், எங்களோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பதிவெல்லாம் ஒரே திரையில் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இருந்த ஊர்களில் வள்ளியூரும் இருந்தது. எங்கள் பழைய ஆஸ்பத்திரியேதான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஜவுளிக்கடைப் பையில் எக்ஸ்ரேயை உருட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸில் அது மடங்காமல் பிடித்து நின்ற கை இது. ஒரே ரத்தத்தை மூன்று ஊரில் மூன்று முறை குத்தி எடுத்ததைப் பார்த்து நின்றவள் நான். தண்ணீர் மலையிலிருந்து கடல்வரை போகிறது, ஒரு காகிதம் வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு வராதா என்று எத்தனையோ கவுண்டர்களில் கேட்டிருக்கிறேன். வந்தே விட்டது.

கவுண்டரில் இருந்த இளம்பெண் அக்காவின் பெயரையும் பிறந்த தேதியையும் என் நம்பரையும் தட்டினாள். என் போனுக்கு ஓடிபி வந்தது. சொன்னேன். "வந்துட்டுக்கா, வள்ளியூர் ரெக்கார்டு பூரா வந்துட்டு" என்று சிரித்தாள்.

"அந்த ஊசியும் வந்திருக்குமாளா?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.

"எல்லாம் வந்திருக்கும். பேசாம வா."

மறுநாள் காலை ஆபரேஷன் என்று படுக்கை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒரு பலகைக் கம்ப்யூட்டரோடு வந்தார்.

"தைராய்டு மாத்திரை காலைல போட்டீங்களாம்மா?"

"எனக்கு அந்த எளவெல்லாம் கெடையாதே" என்றாள் அக்கா.

டாக்டரம்மா திரையைத் தள்ளிப் பார்த்தார். "ஒரு தடவ கரு கலைஞ்சிருக்கு. குழந்தை இல்ல. சரிதானம்மா?"

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "குழந்தை இல்லயா? ரெண்டு பொட்டப்பிள்ள பெத்து, வளத்து, கெட்டிக்குடுத்து, பேரன் வேற எடுத்தாச்சே. அதுவளயெல்லாம் எங்கன கொண்டு போட்டீய?"

"பயத்துல சில பேரு மாத்திச் சொல்லுவாங்க. பரவால்ல." அவர் அன்பாகவே சொன்னார். "மருந்து ஒவ்வாமை, இல்லைன்னு இருக்கு. நல்லது."

அந்தத் திரையில் கிடந்தது அக்கா இல்லை.

"டாக்டர், அது நான்" என்றேன்.

"எது?"

"நீங்க வாசிச்சதெல்லாம். தைராய்டு நான். கலைஞ்ச கரு நான். எந்த ஊசியும் ஒத்துக்கிட்டவ நான். இவ வேற."

அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். காதைத் தொட்ட கதையையும், ஒரே பெயர், ஒரே நம்பரையும் சொன்னேன். மூன்றும் பொருந்தியதும் அந்த இயந்திரம் எங்களை ஒரே ஆளாக்கிவிட்டது. அக்காவின் முகம் வீங்கியதைச் சொன்னபோது அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஆபரேஷனுக்கு முன்னால கிருமிக்கு ஒரு ஊசி போட்டே ஆகணும். எதுன்னு தெரிஞ்சா அதையும் அது இனத்தையும் விட்டுடலாம். தெரியலன்னா எதை விடுறது? தோல்ல கொஞ்சம் குத்திப் பாக்கலாம். ஆனா ஒருதரம் மூச்சடைச்ச ஆளுக்கு எனக்கே அது மனசில்ல. தள்ளிப்போடலாம்னா, கல்லு குழாய்ல எறங்கிட்டா இதவிட மோசம். பேர் தெரியணும்மா."

கவுண்டருக்குப் போனேன். பிரிச்சுக் குடுங்க என்றேன்.

"எங்களுக்குப் பிரிக்க பவர் இல்லக்கா. கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழுதணும், அவங்க பாத்துப் பண்ணுவாங்க. நாளாகும். நீங்க வேற நம்பர் ஒண்ணு குடுங்க, புதுசா ஐடி போட்டுருதேன்."

"புது ஐடியில என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. க்ளீனா இருக்கும்."

"ஐம்பது வயசுக்காரி க்ளீனா இருப்பாளா? அவ பட்ட பாடெல்லாம் எங்கன போகும்? அந்த ஊசி பேரு எனக்கு வேணும். பழசு வேணும்."

அந்தப் பெண் வள்ளியூருக்கே போன் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு குரல், "எல்லாத்தயும் லிங்க் பண்ணியாச்சே, ஒங்க திரையிலயே பாருங்க" என்றது. இவர்கள் திரை அவர்களைக் காட்டியது. அவர்கள் திரை இவர்களைக் காட்டியது. நடுவில் அக்கா இல்லை.

கவுண்டர்ப் பெண் நல்லபிள்ளைதான். ஆனாலும் கடைசியில் அதைச் சொன்னாள். "தப்பு ஒங்க மேலதான்க்கா. ஒரு நம்பர்னா ஒரு ஆளுக்குத்தான். நீங்க ஏன் எல்லாருக்கும் ஒங்க நம்பரக் குடுக்கீய?"

அங்கேயே நின்று அவளிடம் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் ஒரு கிணறு, ஒரு உரல், ஒரு ஆட்டோ என்று நாங்கள் வாழ்ந்து முடித்துவிட்டோம். ஒரு நம்பரில் வாழ்வதிலும் எந்தத் தப்பும் இல்லை. ராத்திரி வலி வந்தால் யார் போனை எடுப்பார்களோ அவர்கள் நம்பரைத்தான் ஒருத்தி கொடுப்பாள். அது புத்திசாலித்தனம். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு போன் என்று எங்கேயோ இருக்கும் ஒரு ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் தாமிரபரணிக் கரையில் ஒரு தெருவில் ஒரு சாயங்காலம் நின்றிருந்தால் போதும். ஒரு நம்பருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கண்ணால் கண்டிருப்பார்கள். உங்கள் இயந்திரத்துக்காக நாங்கள் எங்கள் தெருவைப் பிரிக்க முடியாது. எங்கள் தெருவுக்காக உங்கள் இயந்திரத்தைத் திருத்துங்கள்.

பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆள், "அக்கா சொல்லுதது நெசந்தாம்மா. எங்க வீட்லயும் எம் மருமவன் நம்பர்தான் எல்லாருக்கும்" என்றார்.

வார்டுக்கு வந்து, வள்ளியூர் போகிறேன் என்றேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குளா அலையுத? குத்திப் பாத்துட்டுப் போறாவ. செத்துட்டா ஒனக்குத்தான் மெசேஜ் வரும்."

"வாயக் கழுவு மூதி. எனக்கு மெசேஜ் வந்தா நான் செத்தேன்னுல்லா வரும்."

"அப்ப ஒனக்கும் சேத்து அழுதாச்சு. பைய போய்ட்டு வா, பஸ்ல நின்னுக்கிட்டே போவாத" என்றாள். அவள் கை என் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்திருந்தது. நான்தான் பிரித்தெடுத்துவிட்டுப் போனேன்.

நாங்குநேரி தாண்டியதும் காற்றாலைகள். வெயிலில் அவை சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி, ஒரு வார்த்தைக்காக ஒருத்தி பஸ்ஸில் போவதும், அந்த வார்த்தை ஏற்கெனவே கம்பி வழியாக எங்களைக் கடந்து போய்விட்டதாகப் பலகை எழுதி வைத்திருப்பதும் என்ன அழகு என்று நினைத்தேன். கோபம் எனக்குச் சோறு மாதிரி. அன்று மதியம் வேறு சாப்பிடவில்லை.

வள்ளியூரில் ரெக்கார்டு அறையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். போனில் பேசிய குரல் அவருடையதுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நோயாளி நேர்ல வரணும். அடுத்தவங்க ரெக்கார்ட நான் காட்டக்கூடாது" என்றார்.

"நியாயம். ஓடிபி அனுப்புங்க."

அனுப்பினார். என் போன் கையிலேயே அடித்தது. நான் வாசித்தேன். அவர் என்னையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நோயாளி நீங்களா?"

"பாதி. மிச்சப் பாதி கட்டில்ல கெடக்கா." வார்டு நர்ஸின் போனுக்கு வீடியோ கால் போட்டேன். அக்கா முகம் வந்தது. நெற்றியில் பாதியும் மின்விசிறியும்தான் தெரிந்தது.

"அண்ணாச்சி, நாந்தான் பெரியவ. அங்கன நிக்கது சின்னவ. என்னோடத அவகிட்ட காட்டுங்க, நான் சொல்லுதேன். அவளோடதயும் நான் பாத்தவதான், எங்களுக்குள்ள ஒளிவு மறைவு கெடையாது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "சரி, ஒவ்வொண்ணாத் தொறக்கேன். எது யாருன்னு சொல்லுங்க. இங்கன சேந்ததால இங்கனயே பிரிக்கலாம். ஆனா தப்பாச் சொன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து, பாத்துக்கிடுங்க."

அவர் திறந்தார். காய்ச்சல், உடம்பு வலி, மழைக்காலம். அது அக்கா, அந்த மழையில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தலைசுற்றல், ரத்தம் குறைவு. அது நான், பட்டினிகிடந்தே வேலைக்குப் போன காலம். பிரசவம். அக்கா. தொண்டையில் வீக்கம். நான். இன்னொரு பிரசவம். அக்கா. நான்கைந்து வருஷத்து இரண்டு பெண்களின் உடம்புகள் ஒரு கயிற்றின் இரண்டு புரிகளாக முறுக்கிக் கிடந்தன. நான் பிரித்துக்கொண்டே வந்தேன். இது நான், இது அவள். அவள் தாயானாள், நான் ஆகவில்லை. அவளுக்கு வலித்தது, எனக்கும் வலித்தது, ஆனால் வேறு இடத்தில்.

"கரு கலைஞ்சது. மூணாம் மாசம்" என்று அண்ணாச்சி கடையில் சரக்கு வாசிப்பதுபோல வாசித்தார்.

"அது நான்."

அவர் குரல் இறங்கியது. "சரிம்மா."

"பைய வாசிக்க வேண்டாம் அண்ணாச்சி. அது என்னோடது. என் கணக்குலயே போடுங்க. வேற யாருக்கும் போகக்கூடாது." போனில் தெரிந்த அக்காவின் நெற்றியைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவள் அவள்.

அடுத்ததைத் திறந்தார். காலில் ஆணி.

"அக்கா" என்றேன்.

அவர் கீழே தள்ளினார். டாக்டர் கையால் எழுதி, பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றிய குறிப்பு வந்தது. ஊசி போட்டதும் முகம் வீக்கம், மூச்சுத்திணறல், மாற்று மருந்து, மூன்று மணி நேரம் கண்காணிப்பு. ஊசியின் பெயர் முழுசாக இருந்தது. பக்கத்திலேயே ஒவ்வாமை என்று ஒரு கட்டம். அதில் ஒன்றுமில்லை.

"குறிப்புல எழுதிட்டாரு. கட்டத்துல போடல" என்றார் அண்ணாச்சி. "லிங்க்ல கட்டம் மட்டுந்தாம்மா போவும், குறிப்பு போவாது. கட்டம் காலின்னா அங்கன இல்லைன்னு காட்டும். பிரசவக் கட்டத்துலயும் கடைசியா வந்த ஒங்களோடதுதான் நின்னிருக்கு."

ஆக, எங்களைக் கலக்காமல் இருந்திருந்தாலும் அக்காவின் திரை 'இல்லை' என்றுதான் சொல்லியிருக்கும். எழுதாததையும் இல்லாததையும் ஒன்றாக வாசிக்கிற அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"இப்பவே அந்தக் கட்டத்த நெறைங்க."

"டாக்டர் ஒப்புதல் வேணும். அவரு ரவுண்ட்ஸ்ல இருக்காரு. நாளைக்கு..."

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். நான் இங்கனதான் இருப்பேன்." நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் என்னைச் சுற்றிப் போனார்கள். அண்ணாச்சி இரண்டு தரம் கனைத்தார், ஒரு தரம் முனகினார், பிறகு எழுந்து போய் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் நின்றபடியே குறிப்பைப் படித்தார், கட்டத்தை நிரப்பினார், என்னிடம் பெயரைத் தாளிலும் எழுதிக் கொடுத்தார்.

எங்களைப் பிரிக்கும்போது அண்ணாச்சி என் நம்பரைத் தட்டித் தேடினார். திரை இறங்கிக்கொண்டே போனது. வள்ளியூர்க் காலத்து அக்கம்பக்கமும், முக்கூடல் மைனிகளும், கோடிவீட்டுப் பெரியவரும், அவர் தங்கச்சியும் வரிசையாக என் நம்பருக்குக் கீழே நின்றார்கள்.

"என்னம்மா இது, ரேஷன் கடையா?"

"எங்க தெரு" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை.

இருட்டுவதற்குள் திருநெல்வேலி வந்துவிட்டேன். கவுண்டர்ப் பெண் திரையைப் புதுப்பித்தாள். ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே நம்பர், இரண்டு வரி. ஒரு வரியில் சிவப்பாக அந்த ஊசியின் பெயர். டாக்டரம்மா தாளையும் திரையையும் ஒத்துப்பார்த்துவிட்டு, அக்கா மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டச் சொன்னார். "நாளைக்குப் போட இருந்ததும் இந்த இனம்தான்" என்று மட்டும் சொன்னார்.

கவுண்டர்ப் பெண் வார்டுக்கே வந்தாள். "இப்பமாவது அவங்களுக்கு வேற நம்பர் போட்டுருவோமாக்கா? மறுபடி சேந்துறக் கூடாதுல்லா."

நான் வாயெடுக்குமுன் அக்கா சொன்னாள். "இவ நம்பர்தான். எனக்கு வேற நம்பர் கெடையாது."

"நம்பர் யாருக்குச் சொந்தம்னு போட ஒங்ககிட்ட எடமே இல்லியா?" என்று கேட்டேன்.

அவள் கையோடு கொண்டுவந்திருந்த பலகைக் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "இருக்கு. நாங்க நெறைக்கதில்ல." திறந்து காட்டினாள். கணவர், மகன், மகள், பெற்றோர், மற்றவை.

"எதிர்வீடு இல்லியா?"

"இல்லக்கா. மற்றவைன்னு போடட்டா?"

"மற்றவையா!" என்றாள் அக்கா. "காலையில இருந்து எனக்காவ அலைஞ்சவ மற்றவையா? கூறுகெட்ட கம்ப்யூட்டர்."

அந்தப் பெண் மற்றவை என்று போட்டு, பக்கத்தில் இருந்த சிறு இடத்தில் எதிர்வீடு என்று தட்டினாள். எல்லாருக்கும் அந்தக் கட்டத்தைக் கேட்டு நிரப்ப வேண்டும் என்று மேலே எழுதித் தருகிறேன், வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டேன். "குடுங்க, நானும் கையெழுத்துப் போடுதேன்" என்றாள். அன்றே எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை போய் நின்று கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

மறுநாள் காலை அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். மதியத்துக்கு முன் வெளியே வந்தாள். முகம் முகமாகவே இருந்தது. கண்கள் இரண்டும் கண்களாகவே இருந்தன. பாதி மயக்கத்தில், "கல்ல வாங்கி வையி, ஒனக்கு மூக்குத்தி செஞ்சு போடுதேன்" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் திசையன்விளைக்காரி ஒருத்தி. மகன் கப்பலில், மருமகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், துணைக்கு வந்த கொழுந்தியா ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவளிடம் நர்ஸ் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள்.

"ஏ தாயி, ஒங்க நம்பரக் குடுக்கட்டா?"

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"குடுங்க" என்றேன். "ஆனா பக்கத்துக் கட்டில்னு சேத்துச் சொல்லுங்க."

நர்ஸ் தட்டினாள். என் போன் அடித்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதன் அடியில் எழுதியிருந்தது. நான் எழுந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.